பாட்டியைப் பெற்றவள் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கும்?

தாத்தா பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா பெயரும் பெரும்பாலான வீடுகளில் தெரிந்திருக்கும், அந்தப் பெயரை யாராவது ஒரு பேரனுக்கு வைத்திருப்பார்கள். அதற்கு மேலே ஒரு படி கேட்டால் பெரியவர்கள் மோட்டுவளையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பெண் வழியில் இந்தத் தடுமாற்றம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். அப்பத்தாவின் பெயர் தெரியும். அப்பத்தாவைப் பெற்றவள் பெயர்? "அவுங்கள ஆயின்னுதானே கூப்புடுவோம், பேரு யாருக்குத் தெரியும்?" என்பார்கள். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பதிலும் இதுதான்.

அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்கிற வீடுகளில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். தாய் வழியும் அதில் உண்டு. அப்படியொரு கட்டாயம் இருந்தும் கணக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. தகப்பனார் காலமானதும் அவர் பெயர் வரிசையில் சேரும், கடைசியில் இருந்தவர் பெயர் கழன்றுவிடும். மூன்று தலைமுறைக்கு மேலே போக நினைப்பவர் மனித ஞாபகத்தை விட்டுவிட்டுக் காகிதத்துக்குத்தான் வர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். நம் முன்னோரை நினைவில் வைத்துக்கொள்வதற்காக எந்தக் காகிதமும் எழுதப்படவில்லை. வரி வாங்க எழுதினார்கள், நிலத்தை விற்க எழுதினார்கள், கூலிக்கு ஆள் கொண்டுபோக எழுதினார்கள், வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய எழுதினார்கள். ஒரு மனிதர் இவற்றில் எதற்குள் வந்தாரோ அந்தக் காகிதத்தில்தான் அவர் பெயர் இருக்கும். ஆகவே "தாத்தாவின் தாத்தா யார்?" என்ற கேள்வியோடு கிளம்புவதைவிட, "அவர் யாருக்கு, எதற்குத் தேவைப்பட்டார்?" என்ற கேள்வியோடு கிளம்புவது பலன் தரும்.

காகிதத்துக்குப் போகும் முன் நம் பெயர் வைக்கும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லாத குறையை இந்த வழக்கம் ஓரளவு தீர்த்துவைக்கிறது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். உங்கள் தாத்தாவின் பெயர் தெரிந்தால், அவருடைய தாத்தாவின் பெயரை ஊகித்துவிட்டுத் தேடலாம். பல வீடுகளில் ஊகம் சரியாகவே இருக்கும்.

ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. அண்ணன் தம்பி நான்கு பேரும் தங்கள் தலைமகனுக்கு அப்பா பெயரையே வைத்திருப்பார்கள். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் நான்கு பங்காளிகள். பத்திரத்தில் பெயரைப் பார்த்ததும் "எங்க தாத்தா கிடைச்சிட்டார்" என்று துள்ளினால் அது பெரியப்பா வழித் தாத்தாவாக இருக்கலாம். தகப்பன் பெயரோடு நிலத்தின் சர்வே நம்பர், மனைவி பெயர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

இன்னொரு சிக்கல், கூப்பிட்ட பெயரும் எழுதிய பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. மாமனார் பெயர் வைத்த பிள்ளையை மருமகள் அந்தப் பெயர் சொல்லி அழைக்க மாட்டாள். "பெரியவனே", "ராசா" என்று வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவாள். ஊரும் அதையே பிடித்துக்கொள்ளும். இதனால் ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர். பெரியவர்களிடம் கேட்கும்போது "கூப்பிடுற பேரு என்ன, வச்ச பேரு என்ன" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலத்தைக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று எண்பது வயதுப் பெண்ணிடம் கேட்டால் ஆதார் அட்டையில் இருப்பதைச் சொல்வார். அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ, அட்டை எடுத்த இடத்திலோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி. அதற்குப் பதில் நிகழ்ச்சியைக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது கையில் எத்தனை பிள்ளை? 1964 டிசம்பருக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். பட்டணத்து உறவுகள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊருக்கு ஓடிவந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா? அது 1942. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. அதைப் பற்றி உங்கள் அப்பத்தாவின் தாயார் சொல்லிக் கேட்டதுண்டா? அதற்கும் முன்னால் தாது வருஷப் பஞ்சம், 1876-78. ஊரை விட்டு ஊர் போன கதைகள் பலவற்றில் தாது வருஷம் தலைகாட்டும். கவனம், தாது என்பது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருகிற பெயர். 1936-ம் தாதுதான்.

பழைய காகிதங்களிலும் ஆங்கிலத் தேதி இருக்காது. வருவாய்த் துறைக் கணக்கில் பசலி என்று போட்டிருக்கும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முடிய. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், மாதத்தைப் பொறுத்து.

ஜாதக நோட்டு வைத்திருக்கும் வீடுகள் கொடுத்துவைத்தவை. அதில் தமிழ் வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம், பெற்றோர் பெயர் இருக்கும். ஏடு அரித்து வருஷம் போயிருந்தால்கூட ராசிக் கட்டம் மிஞ்சியிருந்தால் போதும். சனி ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர ஏறத்தாழ முப்பது வருஷம், குருவுக்குப் பன்னிரண்டு. இரண்டும் ஒன்றாக அதே இடத்துக்கு வர அறுபது வருஷம் ஆகும். கட்டத்தில் குரு எங்கே, சனி எங்கே என்று பார்த்தே பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம். சோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வானம் இருந்த நிலையை அன்றைக்கே ஒருவர் எழுதிவைத்த குறிப்பு அது.

இனி நிலம். பட்டாவை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் நம் ஊரில் பெரும்பாலோருக்கு வாய்க்கும் வழி. இன்றைய சர்வே நம்பர் பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் வந்தது. அதற்கு முந்தைய நம்பர் வேறாக இருக்கலாம். பழைய நம்பரைக் கண்டுபிடித்தால் பழைய 'அ' பதிவேடும் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரும் பேச ஆரம்பிக்கும். அதில் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே அன்றைய பட்டாதாரர் பெயர் இருக்கும். ஜமீன் கிராமமாக இருந்தால் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கெல்லாம் அரசாங்கம் உழவர் பெயரைத் தன் கணக்கில் ஏற்றியது.

கிராமக் கணக்குகளைப் பரம்பரையாக எழுதிவந்தவர் கர்ணம். எங்கள் பக்கம் கணக்குப்பிள்ளை. அந்தப் பரம்பரைப் பதவி 1980-ல் ஒழிந்தது. பழைய கணக்குகளில் ஒரு பகுதி தாலுகா ஆபீசுக்கும், ஒரு பகுதி மாவட்ட ஆவண அறைக்கும் போயிற்று. மிச்சம் சிதறிப்போயிற்று. மாநில அளவில் உள்ளவை சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே இருப்பதில் குடும்ப வரலாறு தேடுவோருக்கு நான் முதலில் கைகாட்டுவது இனாம் ஃபேர் ரிஜிஸ்டரைத்தான். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன், வரியில்லாமல் அனுபவித்துவந்த ஒவ்வொரு துண்டு நிலத்தையும் விசாரித்தது. யாருக்கு, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, இப்போது யார் கையில் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். கோயில் குருக்களுக்கும் மடத்துக்கும் மட்டும் இனாம் இருக்கவில்லை. ஊர் வண்ணாருக்கும் நாவிதருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் ஊழிய மானியம் இருந்தது. நிலமே இல்லாத சாதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தின் மூதாதை அந்தப் பதிவேட்டில் பெயரோடு நிற்கக்கூடும்.

தலித் குடும்பங்கள் பார்க்க வேண்டிய இன்னொரு பதிவு உண்டு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 முதல் பஞ்சமி நிலம், அதாவது தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம், ஒப்படைக்கப்பட்டது. பழைய பதிவேட்டில் அந்த நம்பர்களுக்கு எதிரே டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) என்ற குறிப்பும், நிலம் பெற்றவர் பெயரும் இருக்கும். அந்த நிலங்களில் பெரும்பகுதி பின்னாளில் கைமாறிவிட்டது. அதனால் இந்தத் தேடலில் ஒரு பெயர் கிடைப்பது பரம்பரை ஆசைக்காக மட்டும் அல்ல, உரிமைக்கான சாட்சியுமாகிறது. வக்கீல் வைத்து வழக்காடும் நிலைக்குப் போனவர்கள் தங்கள் பூட்டன் பெயரை அப்படித்தான் முதன்முதலில் படித்திருக்கிறார்கள்.

பத்திரங்களுக்கு வருவோம். கிரயம், போக்கியம், அடமானம் எதுவானாலும் பிரயோசனம்தான். ஆனாலும் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அன்றைக்குப் பாயசம் வைக்கலாம். பங்காளிகள் எல்லோரும் வரிசையாக, தகப்பன் பெயரோடும் வயதோடும் வருவார்கள். சொத்து யாரிடமிருந்து வந்தது என்ற முன்கதை இருக்கும். உங்கள் பெட்டியில் மூலப்பத்திரம் இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு மேனுவல் ஈ.சி., அதாவது கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று, கேட்டு மனு கொடுக்க வேண்டும். பத்திர எண் தெரிந்ததும் நகல் மனு. நாலு நடை நடக்க வைப்பார்கள். "இவ்வளவு பழசு எதுக்கு சார், சொத்துல பிரச்னையா?" என்று ஓர் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். "எங்க ஆயி பேரு வேணும்" என்றேன். எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், பிறகு உட்காரச் சொன்னார்.

கிடைத்த நகல் 1937-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். தஞ்சாவூர் ஜில்லா பட்டுக்கோட்டைத் தாலுகா என்று ஆரம்பித்து, ஊர் பெயர், எழுதி வாங்குகிறவர் பெயர், பிறகு "எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம் என்னவென்றால்" என்று ஒரே மூச்சில் ஓடுகிறது. புள்ளி, கமா ஒன்றும் கிடையாது. விற்கிறவர் யார் என்ற இடத்தில்தான் என் விரல் நின்றது. காலஞ்சென்ற இன்னாருடைய பாரியாளும், மைனர் குமாரருக்குக் கார்டியனும் தாயாருமாகிய... அதற்கு அடுத்த சொல் அவள் பெயர். எண்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்காத பெயர். அவளுடைய புருஷன் உயிரோடு இருந்தவரை எந்தப் பத்திரத்திலும் அவள் இல்லை. அவன் செத்து, பிள்ளை சிறுவனாக இருந்ததால், கடனுக்கு நிலத்தை விற்க வேண்டி வந்ததால், சர்க்காருக்கு அவள் பெயர் தேவைப்பட்டது. கடைசிப் பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுதியிருந்தது. அவள் விரல் அழுத்திய அசல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நகலில் ரேகை இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆண்களைத் தேடுகிற காகிதத்தில் பெண்களைத் தேடக் கூடாது. பட்டாவிலும் சிட்டாவிலும் அவர்கள் இல்லை. அவர்கள் வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறார்கள்.

மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொய் நோட்டைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எங்கள் வட்டாரத்தில் வீட்டு விசேஷத்தில் மொய் எழுதுகிறவர் முதலில் பிள்ளையார் சுழி போட்டு, அடுத்து தாய்மாமன் மொய்யைத்தான் எழுதுவார். ஊர், தகப்பன் பெயர், அவர் பெயர், தொகை. 1-4-0 என்று இருந்தால் ஒரு ரூபாய் நாலணா, அதாவது 1957-ல் நயா பைசா வருவதற்கு முந்தைய நோட்டு. அந்த முதல் வரி யாருடையது? பெண்ணின் பிறந்த வீடு. ஒரு காதுகுத்து மொய் நோட்டின் முதல் வரியிலிருந்து அம்மாவின் தகப்பனும் அவர் ஊரும் கிடைத்துவிடுகின்றன. அதற்குக் கீழே இருக்கும் நூறு நூற்றைம்பது பெயர்களும் அன்றைய தேதியில் அந்தக் குடும்பம் யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதன் படம்.

கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு. தகப்பன் பெயரோடு தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706-ல். அந்த மிஷனின் கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், நாலைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு. மணமகள், அவள் தகப்பனார், சாட்சிகள், மஹர் எவ்வளவு என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள்.

நகரத்தார் இந்த விஷயத்தில் தனி ரகம். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் ஒரு புள்ளியாக அங்கே பதிவாவார்கள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் ஓலைக் காலத்திலிருந்து வருகிறது. அவர்களில் ஒருவர் ஏழெட்டுத் தலைமுறையைச் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வட்டிக் கணக்கு எழுதிய கை கல்யாணக் கணக்கையும் எழுதி வைத்தது.

மற்றவர்களுக்குக் குலதெய்வக் கோயில் இருக்கிறது. குலதெய்வத்தைக் கண்டுபிடித்தால் பங்காளிகளைக் கண்டுபிடித்த மாதிரி. திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் கூடுவார்கள், வேறு பல ஊர்களில் மாசி சிவராத்திரிக்கு. ஊரை விட்டுப் போய் நான்கு தலைமுறை ஆனவர்கள்கூட அன்றைக்கு வந்து பொங்கல் வைப்பார்கள். கொடை நடத்துகிறவரிடம் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். எந்தெந்தத் தலைக்கட்டு, இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த நோட்டைப் பார்க்கக் கேட்பதற்கு முன் வரியைக் கட்டிவிடுங்கள். பல குலதெய்வங்கள் செத்துப்போன நம் வீட்டுப் பெண்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். தீப்பாஞ்சம்மன் என்று கும்பிடுகிற தெய்வத்துக்கு ஒரு காலத்தில் ஒரு தாயும் தகப்பனும் இருந்தார்கள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை. குடும்ப வரலாறு என்று கிளம்பும் பலர் மூன்றாம் தலைமுறையிலிருந்து நேராக ஒரு சோழ மன்னனிடமோ ஒரு பாளையக்காரரிடமோ தாவிவிடுகிறார்கள். நடுவில் முந்நூறு வருஷம் ஒரு காகிதமும் இருக்காது. இது சாதிப் பெருமைக்கு உதவும், உங்கள் தாத்தாவுக்கு உதவாது. உண்மையில் அவர் யாரிடம் கடன் பட்டார், எந்த வயலை இழந்தார், எதற்காக ஊரை விட்டுப் போனார் என்பது எந்த மன்னர் கதைக்கும் குறைந்தது அல்ல.

ஊரை விட்டுப் போனவர்களின் காகிதம் தனி உலகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. 1911 வரை, இடையில் சில ஆண்டுகள் நின்று நின்று, 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள், தமிழரும் தெலுங்கரும். கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, உயரம், இத்தனையும் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக. அந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றித் தேடத் தந்திருக்கிறது.

ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போயிருக்கலாம். கூலியாகக் கப்பலேறிய தம்பியின் கன்னத்தில் எந்தப் பக்கம் தழும்பு என்பது வரை இருக்கிறது. அதைவிட முக்கியம், அவனோடு போன பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. அவள் பெயர், அவள் தகப்பன் பெயர், அவள் பிறந்த கிராமம். நட்டாலில் இருக்கும் ஒரு குடும்பம் 1880-களில் வந்த தன் மூதாட்டியின் பெயரைப் படிக்கலாம், உயரத்தைக்கூடச் சொல்லலாம். அதே காலத்தில் அவள் ஊரில் இருந்த அவள் அக்காவைப் பற்றி அக்காவின் கொள்ளுப்பேரனுக்கு ஒன்றும் தெரியாது. அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் வந்த ஒரு முறை, தன் வசதிக்காக எழுதிய கணக்கில், நம் பெண்களின் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

பட்டியலை அப்படியே நம்பிவிடவும் முடியாது. வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் பெயரை மாற்றிச் சொன்னார்கள், சாதியை மாற்றிச் சொன்னார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், படையாச்சி பாடயாச்சி ஆனார், அதுவே பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டுமானால் அதைத் தமிழ் வாயால் பலமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு, காஞ்சீவரம் என்றால் காஞ்சிபுரம். தென்னார்க்காடு ஜில்லா என்று இருந்தால் அந்தக் கிராமம் இன்று கடலூரிலோ விழுப்புரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ இருக்கலாம். புதூர், நல்லூர் போன்ற பெயர்களுக்குத் தாலுகா தெரியாமல் ஒரு அடியும் நகர முடியாது.

ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. சென்னையிலிருந்து ஃபிஜிக்குக் கப்பல் போனது 1903-லிருந்து. மொரீஷியஸ் இன்னும் முந்தி, 1834-லேயே ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கிவிட்டார்கள். அங்கே மோகா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன, அவற்றில் புகைப்படங்களும் உண்டு. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எடுத்த படத்தில் தன் முகச்சாயலைப் பார்க்கிற பாக்கியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது கங்காணி முறை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போவார். பெயர்கள் கங்காணியின் பற்றுக் கணக்கில் இருந்தன, சர்க்கார் பட்டியலில் இல்லை. துண்டு என்ற சீட்டு இல்லாமல் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற முடியாது. அந்த முறை 1921 வரை இருந்தது. கடன் அடைந்ததும் கணக்குக்கு மதிப்பில்லை, நோட்டு போயிற்று.

அதன் விலை பிற்பாடு தெரிந்தது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பனார் இலங்கையில் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டு அறையில், பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பதிந்தார்கள்? பூட்டன் பெயரைக் காகிதத்தில் காட்ட முடியாததால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அப்படித் தமிழகம் வந்து நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறியவர்களின் வீட்டில் அந்தக் காலத்துக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வேறு எங்கும் இல்லாத பூர்வீகக் கிராமத்தின் பெயர் அதில் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தார் நிலை வேறு, அவர்களுக்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு இருக்கிறது. நிலமும் உடையவர் பெயரும் அதில் பதிந்திருப்பதால் இன்றைக்கும் காணிப் பேச்சில் தோம்பு என்ற சொல் அடிபடுகிறது.

எச்சில் எடுத்து அனுப்பி டி.என்.ஏ. பார்ப்பது பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் கிளைகளைக் கண்டுபிடிக்க உதவலாம். ஆனால் அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட நமக்கு ஒரு தொல்லை உண்டு. தூரத்து உறவும் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி நெருக்கமாகத் தெரியும். எந்த ஊர், என்ன பெயர் என்பதை அது சொல்லாது. காசு கொடுப்பதற்கு முன் வீட்டுப் பரணில் ஏறிப் பார்ப்பது மேல்.

பரணில் ஏறும்போது வீட்டுப் பெரிய பெண்களிடம் தனியாகவும் பேசுங்கள். ஆண்கள் கூடியிருக்கும் திண்ணையில் கேட்டால் பெருமைகள் மட்டும் வரும். இரண்டாம் தாரம், சுவீகாரம், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பாதவள், ஊர் விலக்கு, இவையெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே அடுப்படியில்தான் வெளிவரும். பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டு போனில் பதிந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்டதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

1937 பத்திரத்தில் கிடைத்த பெயரை என் அத்தையிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். தொண்ணூறைத் தொடும் வயது. இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "அதான் உங்க பெரியத்தைக்கு அந்தப் பேரு வச்சாங்களா! எங்கய்யா அவளைப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லடா, 'ஆத்தா'ன்னுதான் கூப்புடுவாக" என்றார். பெரியத்தை சிறு வயதிலேயே இறந்துபோனவர், அவர் பெயரும் வீட்டில் புழக்கத்தில் இல்லை. பத்திரத்தில் சாட்சி போட்டிருந்த மூன்று பேரில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம், தகப்பன் பெயரும் இருக்கிறது. தங்கச்சி நிலத்தை விற்கும்போது கூட நிற்க வந்த அண்ணனாக இருக்க வேண்டும் என்கிறார் அத்தை. வரும் மாசி சிவராத்திரிக்கு அந்த ஊருக்குப் போகிறேன். அத்தையும் கூட வருகிறேன் என்கிறார்.